பர்பன் ரெட் வான்கோழி: குஞ்சு வந்த நாள்லேருந்து அறுத்த நாள் வரைக்கும் முழு ரிவியூ

போன வருஷம் ஏப்ரல் கடைசில 15 பர்பன் ரெட் வான்கோழிக் குஞ்சு ஆர்டர் பண்ணி, வளத்து, நவம்பர்ல ஆறு உருப்படிய அறுத்து, இடையில செத்தது போக மிச்சம் நாலை இனத்துக்குன்னு நிறுத்தி, இந்த ஸ்ப்ரிங்ல அதுங்க போட்ட முட்டைலேருந்து குஞ்சும் பொரிஞ்சாச்சு. இப்படி ஒரு சுத்து முழுசா முடிஞ்சப்புறம் தான் எழுதணும்னு இருந்தேன். ஏன்னா குஞ்சு வந்த மறுநாளே அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போன ரிவியூங்கள நம்பித்தான் நான் வாங்கினேன், அதுல ஒண்ணுலயும் நவம்பர் மாசத்தப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

நாங்க இருக்கிறது வட கரோலினா, ராலேலேருந்து மேக்கால ஒரு மணி நேரம் வண்டி ஓட்டணும், மூணரை ஏக்கர், அதுல பாதி காடு. எனக்கு சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். அம்மாயி வீட்டுல நாட்டுக்கோழியும் பஞ்சாரமும் பாத்து வளந்தவ நான், அடை வைக்கிறது, கழிச்சல் வந்தா பிரிச்சு வைக்கிறது எல்லாம் கண்ணால பாத்துத் தெரியும். ஆனா வான்கோழி வேறங்க. கோழி வளத்த அனுபவம் பாதி தான் உதவுச்சு, இன்னொரு பாதி தப்பான வழியக் காட்டுச்சு, அதுல எனக்கு ஒரு நல்ல பெட்டை செத்துச்சு, அத கீழ சொல்றேன்.

அவசரத்துல படிக்கறவங்களுக்கு: பர்பன் ரெட் இனத்துக்கு 5க்கு நாலரை. நான் குஞ்சு வாங்கின ஹேட்சரிக்கு மூணு, அதுக்கு மேல மனசு வரல. பக்கத்து டவுன் தீவனக் கடைல வாடகைக்கு எடுத்த ப்ளக்கருக்கு, அதாவது இறகு உருவுற மிஷினுக்கு, அஞ்சுக்கு அஞ்சு.

பர்பன் ரெட் ஒரு ஹெரிடேஜ் இனம், அதாவது பாரம்பரிய இனம். ஹெரிடேஜ்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு. சூப்பர்மார்க்கெட் ஃப்ரீசர்ல கிடக்கிற டர்க்கி கிட்டத்தட்ட எல்லாமே பிராட் பிரெஸ்டட் வைட்ங்கிற ஒரே வகை. நம்ம பல்லடம் பக்கம் பிராய்லர் எப்படியோ அப்படி, நெஞ்சுக்கறிக்குன்னே உருவாக்கினது, நாலஞ்சு மாசத்துல எடைக்கு வந்துரும். நெஞ்சு அவ்ளோ பெருத்துப் போனதால சேவல் பெட்டையோட சேரவே முடியாது, கையால கருவூட்டல் பண்ணித்தான் அடுத்த தலைமுறையே வருது. ஹெரிடேஜ்னு ஒரு பறவைய சொல்லணும்னா தி லைவ்ஸ்டாக் கன்சர்வன்சிங்கிற அமைப்பு மூணு விஷயம் கேக்குது. தானா இணை சேரணும், வெளிய மேஞ்சு பெட்டை 5-லேருந்து 7 வருஷமும் சேவல் 3-லேருந்து 5 வருஷமும் இனத்துக்கு உதவணும், அப்புறம் மெதுவா வளரணும், அதாவது எடைக்கு வர சுமார் 28 வாரம் ஆகணும். 1997ல இவங்க கணக்கெடுத்தப்ப தானா இணை சேர்ற இனப்பறவை நாடு முழுக்க 1,335 தான் இருந்துச்சாம். அதுக்கப்புறம் எண்ணிக்கை ஏறுனதுக்குக் காரணம், ஜனங்க திரும்ப இத வாங்கி சாப்பிட ஆரம்பிச்சது. தட்டுல இடம் இருந்தா தான் கட்டுத்தரைல இடம் இருக்கும், இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

பர்பன் ரெட், கென்டக்கி மாநிலத்துல பர்பன் கவுன்ட்டிங்கிற ஊர்ப்பேர்ல வந்த இனம், அமெரிக்கன் பௌல்ட்ரி அசோசியேஷன் 1909ல அங்கீகரிச்சது. உடம்பு நல்ல செங்கல் செவப்பு, றெக்கையும் வாலும் வெள்ளை, வால் நுனிகிட்ட ஒரு செவப்புப் பட்டை. அழகுக்காக நான் இத எடுக்கல. முளைக்குச்சி இறகு வெளிர் நிறமா இருக்கறதால அறுத்து இறகு உருவினப்புறம் தோல் சுத்தமா தெரியும், வெண்கல நிற வான்கோழில கறுப்புக் குச்சி தோலுக்குள்ள மை புள்ளி வச்ச மாதிரி நிக்கும், அதனால எடுத்தேன். இதுல நான் எடுத்த முடிவு சரி.

இப்ப ஹேட்சரி கதை. பேரு சொல்லல, ஏன்னா இது பொதுவா தபால்ல குஞ்சு அனுப்பற பல இடத்துக்கும் பொருந்தும்னு நினைக்கிறேன். குறைஞ்சது 15 குஞ்சு எடுக்கணும், ஒண்ணு 14 டாலர், அனுப்பற செலவு 55. ஆண் பெண் பிரிச்சுத் தர மாட்டாங்க, வர்றது தான். ஒரு நாள் குஞ்சுகள தபால்ல அனுப்பறது அமெரிக்காவுல 1918லேருந்து நடக்குது, பொரிஞ்ச குஞ்சோட வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கறதால மூணு நாள் வரைக்கும் தீனி தண்ணி இல்லாம தாங்கும்ங்கிற கணக்கு. காலைல ஆறு மணிக்கு போஸ்ட் ஆபீஸ்லேருந்து போன். போனுக்குள்ளயே கீச்சு கீச்சுன்னு சத்தம் கேக்குது. போய் வாங்கிட்டு வண்டி சீட்டுலயே மூடிய தெறந்து பாத்தேன், 16 இருந்துச்சு, ஒண்ணு கூடுதலா வச்சிருக்காங்க, ரெண்டு செத்திருந்துச்சு. ஒரு குஞ்சுக்கு கால் விரல் வளைஞ்சிருந்துச்சு. போட்டோ அனுப்பினேன், மூணு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ஒரு குஞ்சு கூடுதலா வச்சதால ஒண்ணுக்கு மட்டும் தான் பணம், அதுவும் அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. முதல் வாரத்துல இன்னும் ரெண்டு போச்சு. ஆக 12.

அந்த ரெண்டு போனதுக்கு ஹேட்சரிய முழுசா குத்தம் சொல்ல மாட்டேன். வான்கோழிக் குஞ்சு தீனி முன்னாடியே நின்னுக்கிட்டு பட்டினில சாகும், கோழிக்குஞ்சு மாதிரி தாய் இல்லாமலேயே கிளறிக் கொத்தத் தெரியாது. ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து மூக்கு நுனிய தண்ணில தொட்டு எடுக்கணும், அது தலைய தூக்கி முழுங்குதான்னு பாத்துட்டுத் தான் கீழ விடணும், அரை மணி நேரம் கழிச்சு திரும்ப அதே வேலை. தீனித் தட்டுலயும் தண்ணிலயும் பசங்க விளையாடற கோலிகுண்டு போட்டு வச்சேன், பச்சை நீலம்னு மின்னுறத பாத்ததும் கொத்த வந்துச்சுங்க, கோலிய கொத்தக் கொத்த தீனியும் வாய்க்குள்ள போச்சு. இது எங்க ஊர்ப்பக்கம் வான்கோழிப் பண்ணைக்காரங்களும் பண்ற வேலை தான். சூடு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், வாரத்துக்கு 5 டிகிரியா குறைச்சுக்கிட்டே வரணும். கீழ நியூஸ்பேப்பர் போடாதீங்க, வழுக்கி கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு போயிரும், அப்புறம் நேரா நிக்காது.

தீவனம் முக்கியம். சாதா கோழிக்குஞ்சுத் தீவனத்துல புரதம் 18-20 சதவீதம் தான், வான்கோழிக்கு ஆரம்பத்துல 28 வேணும். கடைல டர்க்கி ஸ்டார்ட்டர்னு கேட்டு வாங்குங்க, இல்லாட்டி கேம் பேர்ட் ஸ்டார்ட்டர். எட்டு வாரத்துக்கப்புறம் 20-21 போதும்.

எட்டாவது வாரம் வெளிய விட்டேன். இங்க தான் கோழி அனுபவம் என்ன கவுத்துச்சு. எங்க பழைய கோழி அடைப்பு ரெண்டு வருஷமா சும்மா கிடந்துச்சு, வேலி இருக்கு, நிழல் இருக்கு, புல்லு நல்லா வளந்திருக்கு, அங்க விட்டா என்னன்னு விட்டுட்டேன். ஆகஸ்ட்ல ஒரு பெட்டை றெக்கைய தொங்கவிட்டு தனியா நின்னுச்சு, எச்சம் பாத்தா கந்தக மஞ்சள். ரெண்டாம் நாள் செத்துப் போச்சு. மாநில கால்நடை லேபுல குடுத்தோம், பிளாக்ஹெட்னு எழுதிக் குடுத்தாங்க, ஈரல்ல வட்ட வட்டமா குழிஞ்ச புண்ணு. கோழியோட குடல்ல இருக்கற ஒரு சின்னப் புழுவோட முட்டைல இந்தக் கிருமி ஒளிஞ்சிருக்கும், கோழிக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா அந்த முட்டை மண்ணுல வருஷக்கணக்குல கிடக்கும், மண்புழு அத தின்னும், மண்புழுவ வான்கோழி தின்னும். இதுக்கு இருந்த கடைசி மருந்தையும் 2015 கடைசில இங்க நிறுத்திட்டாங்க, இப்ப அங்கீகாரம் உள்ள மருந்துன்னு ஒண்ணு கிடையாது. கோழி நடமாடின மண்ணுல வான்கோழிய விடாதீங்க. இந்த ஒரு வரிய எந்த ஹேட்சரியும் பெட்டி மேல ஒட்டி அனுப்பணும், எனக்கு வந்த பெட்டில அது இல்ல. மூணு ஸ்டாருக்கு இதுவும் ஒரு காரணம்.

அன்னிக்கே எல்லாத்தையும் காட்டோர புது இடத்துக்கு மாத்தி கரண்ட் வலை கட்டினேன். இதுங்க பறக்கும்ங்கறத மறந்துராதீங்க, பிராட் பிரெஸ்டட் மாதிரி இல்ல, ஒரே எகிறுல ஷெட் கூரை மேல உக்காந்துக்கும். ஒரு பக்க றெக்கைல நீள இறகுகள மட்டும் வெட்டி விட்டேன், அப்புறம் அடங்குச்சு. ஒண்ணு மட்டும் வெட்டறதுக்கு முன்னாடி ராத்திரி வெளி மரத்துல தங்கி ஆந்தைகிட்ட மாட்டிக்கிச்சு. ஆக பத்து. 2022லேருந்து பறவைக் காய்ச்சல் வேற நாடு முழுக்க சுத்திக்கிட்டிருக்கு, காட்டு வாத்து வந்து உக்கார்ற குட்டைப் பக்கம் இதுங்கள விடறதே இல்ல, தண்ணித் தொட்டிக்கும் மேல மூடி போட்டுட்டேன்.

செப்டம்பர் அக்டோபர் தான் பாக்கறதுக்கு நல்ல காலம். சேவல் ஆறும் வால விரிச்சு றெக்கைய தரைல உரசிக்கிட்டு நடக்கும், நெஞ்சுக்குள்ளேருந்து தும்னு ஒரு அதிர்வு வரும், காதுல கேக்கறத விட நம்ம வயித்துல தான் அது தெரியும். தலைல முடியே கிடையாது, சும்மா நிக்கும்போது நீலம், சண்டைக்கு வந்தா ரத்தச் செவப்பு, நெத்தி மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, நீங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே மாறும். 1612ல கோவாவுலேருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீர் அரண்மனைக்கு வந்தப்ப அவரு இந்த நிறம் மாறுறத பாத்துட்டு அசந்து போயி மன்சூர்ங்கற ஓவியர கூப்ட்டு வரையச் சொல்லியிருக்காரு, அந்தப் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. முதல் தடவ ஒரு சேவல் எங்கிட்ட வந்து தலைய செவப்பாக்கிட்டு நின்னப்ப எனக்கும் கை வேலை நின்னு போச்சு.

இப்ப முக்கியமான விஷயம். எத நிறுத்தறது, எத அறுக்கறது. நிறைய பேரு இங்க தான் தப்பு பண்றாங்க. பெருசா கொழுத்து நிக்கிறத நவம்பர் கடைசில வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அறுத்துட்டு, மெலிஞ்சத "பாவம், இருந்துட்டு போகட்டும்"னு இனத்துக்கு வச்சுக்கறாங்க. ரெண்டு தலைமுறைல அந்தக் கூட்டமே சிறுத்துப் போயிரும். நல்லத சாப்பிட்டுட்டு கெட்டத விதைக்கு வைக்கறது எந்த வெள்ளாமைலயும் நடக்காது, எங்க அய்யன் சோளக் கதிர்ல முழுசான கதிரத்தான் முதல்ல உத்தரத்துல கட்டித் தொங்கவிடுவாரு, அதுக்கப்புறம் தான் குதிருக்குப் போகும்.

28 வாரம் முடியற அன்னிக்கு எல்லாத்தையும் எடை போட்டேன். இந்த இனத்துக்கு எழுதி வச்ச எடை இளஞ்சேவலுக்கு 23 பவுண்டு, இளம்பெட்டைக்கு 14. எங்க சேவல்ல பெருசே 21 தான், சின்னது 16. பெட்டைங்க 11லேருந்து 13. இது தீவனக் குறையா இருக்கும்னு முதல்ல நினைச்சேன், அப்புறம் பழைய வளப்பாளர் ஒருத்தர் வந்து கையால தடவிப் பாத்துட்டு சொன்னாரு, ஹேட்சரில எண்ணிக்கைக்குத் தான் முட்டை எடுக்கறாங்க, எடை பாத்து உருவம் பாத்து தாய் தகப்பன் பொறுக்கறதில்லன்னு. அவரு தடவிக் காட்டினத நானும் கத்துக்கிட்டேன். பறவைய இடுப்புல அணைச்சுப் புடிச்சு, கண்ண மூடிக்கிட்டு, நெஞ்செலும்ப விரலால நூல் புடிச்ச மாதிரி மேலேருந்து கீழ வரைக்கும் தடவணும். நேரா போகணும். ரெண்டு சேவலுக்கு நடுவுல பாம்பு நெளிஞ்ச மாதிரி வளைஞ்சிருந்துச்சு. அந்த ரெண்டுல ஒண்ணு தான் 21 பவுண்டு சேவல், எனக்கு மனசுல அது தான் ராஜான்னு வச்சிருந்தேன். அடுத்து முதுகு அகலமா, தட்டையா இருக்கணும். காலு ரெண்டும் தள்ளித் தள்ளி நிக்கணும், முட்டி ஒண்ணோட ஒண்ணு இடிக்கக் கூடாது. பெட்டைக்கு பின்னாடி இடுப்பெலும்பு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி பாக்கணும், முட்டை வர்ற வழி. விரல் வளைஞ்சு வந்த குஞ்சு பெட்டையா வளந்திருந்துச்சு, நல்லா சாப்பிடும், எங்கூடவே நடக்கும், ஆனா அந்த விரல அடுத்த தலைமுறைக்குக் குடுக்க முடியாது. கால்ல பச்சை வளையம் போட்டா நிறுத்தறது, செவப்பு போட்டா அறுக்கறது. ஒரு சேவலுக்கும் மூணு பெட்டைக்கும் பச்சை போட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

ப்ளக்கர் வாடகை ஒரு நாளைக்கு 75 டாலர். அதோட தண்ணி கொதிக்க வைக்கிற தொட்டி, கேஸ் அடுப்பு, அறுக்கறப்ப பறவைய தலைகீழா எறக்கிப் புடிக்கிற வான்கோழி அளவு கூம்பு ரெண்டு, எல்லாம் சேத்து ஒரு டிரெய்லர்ல ஏத்தி வச்சுக் குடுத்தாங்க. கூம்பு வான்கோழி அளவான்னு கேட்டு வாங்குங்க, கோழிக்கூம்புல இது தோள்பட்டையோட நின்னுரும். கடைல வேலை செய்யற அம்மா அரை மணி நேரம் செலவழிச்சு ஒவ்வொண்ணையும் ஓட்டிக் காட்டினாங்க, எந்த போல்ட்டு லூசாகும்னு கூட சொன்னாங்க, ரப்பர் விரல் அஞ்சாறு உதிரியா ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. அதுக்குத்தான் அந்த அஞ்சு ஸ்டார்.

எங்க அத்தை, அதாவது வீட்டுக்காரரோட அம்மா, ஆறு மாசம் வந்திருந்தாங்க. அவங்க இல்லாட்டி அன்னிக்கு எனக்குக் கை ஓடியிருக்காது. முந்தின நாள் சாயங்காலத்தோட தீனிய நிறுத்திட்டோம், தண்ணி மட்டும். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல பரண்லேருந்து ஒண்ணொண்ணா எடுத்தோம், இருட்டுல அதுங்க அலறாது, கைல தூங்கற குழந்தை மாதிரி வரும். முதல்ல அந்த 21 பவுண்டு சேவல். கூம்புக்குள்ள தலைகீழா எறக்கினேன். அத்தை பக்கத்துல வந்து நின்னு, "ஏங்கண்ணு, இப்படித் தலைகீழா வச்சா அதுக்கு மூச்சு முட்டாதா?"ன்னு கேட்டாங்க. "இல்லீங்கத்தை, றெக்கை அடங்கியிருந்தா பயம் கொறையும், பாருங்க"ன்னேன். உண்மையாவே அது அடங்கிப் போச்சு. கண்ண ஒரு தடவ மூடித் தொறந்துச்சு. அத்தை குனிஞ்சு அதோட தலைய உள்ளங்கைல தாங்கிப் புடிச்சுக்கிட்டு, "சரி, சீக்கிரம் பண்ணிரு கண்ணு"ன்னாங்க.

தாடைக்குக் கீழ, ரெண்டு பக்கமும் ரத்தக்குழாய் மட்டும், மூச்சுக்குழல் வெட்டுப்படக் கூடாது. கத்தி சவரக்கத்தி கணக்கா இருக்கணும், ஒரு பறவைக்கு ஒரு தடவ தீட்டிக்கிட்டேன். நெஞ்சுல கை வச்சுக்கிட்டு நின்னேன், துடிப்பு மெதுவா கொறையறது தெரிஞ்சுச்சு. அந்த செவப்புத் தலை மெதுவா வெளுத்து, நீலமும் போயி, கடைசில ஈரச் சுண்ணாம்பு நிறத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் றெக்கை ஒரு வேகத்துல அடிக்கும், அது உசுரு போனப்புறம் நரம்பு துடிக்கறது, பயந்து கைய விட்டுராதீங்க. மூணு நாலு நிமிஷம் முழுசா ரத்தம் வடியட்டும்.

தண்ணி சூடு 145-லேருந்து 150 டிகிரி ஃபாரன்ஹீட். முதல் சேவல ஒரு நிமிஷத்துல எடுத்துட்டேன், வால் இறகு வரல, திரும்ப முக்கி இன்னும் அரை நிமிஷம் விட்டப்புறம் இழுத்தா கையோட வந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் ஒண்ணரை நிமிஷம். ப்ளக்கர் தொட்டில போட்டு ஸ்விட்ச் தட்டினா 25 செகண்டு, தொட்டி சுத்த, ரப்பர் விரல் உருவ, கீழ செவப்பு இறகு கொட்டுது. கையால உருவினா ஒரு பறவைக்கு முக்கால் மணி நேரம் ஆகும், மணிக்கட்டு வீங்கிரும். குறைன்னு சொன்னா, ஒரு சேவலுக்கு றெக்கை நுனி ஒடிஞ்சுச்சு, அப்புறம் றெக்கைல இருக்கற பெரிய இறகு நாலஞ்ச குறடு வச்சுத்தான் புடுங்கணும். அத்தை அதோட விடல. அடுப்புத் தீய கூட்டி வச்சு, உருவின உடம்ப தீல காட்டி, மிச்சப் பூமுடிய பொசுக்கி, மஞ்சள் தூள தண்ணில கொழைச்சு மேல முழுக்கத் தேச்சு திரும்ப ஒரு தடவ வாட்டினாங்க. அந்த வாசனைக்கு எனக்கு அம்மாயி வீட்டுக் கொல்லைப்பக்கம் ஞாபகம் வந்துருச்சு, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரு என்ன இது என்ன இதுன்னு வேலி மேல எட்டிப் பாத்துட்டு அவரு பங்கு பறவையயும் அதே மாதிரி பண்ணிக் குடுக்கச் சொல்லிட்டாரு.

உள்ள எடுக்கறப்ப கவனமா இருக்கவேண்டியது பித்தப்பை, ஒரு சொட்டு பட்டாலும் ஈரல் கசந்து போயிரும். வாலுக்கு மேல இருக்கற எண்ணெய்ச் சுரப்பிய வெட்டி எறிஞ்சிருங்க. உடனே ஐஸ் தண்ணில போட்டு 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ எறக்கி, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் சும்மா வைங்க. அன்னிக்கே சமைச்சா ரப்பர் மாதிரி இருக்கும், சதை வெறைச்சு பிறகு தளரணும், கோழிய விட இதுக்கு நேரம் ஜாஸ்தி. வீட்டுச் சாப்பாட்டுக்கு நம்ம வளத்தத நம்மளே அறுக்கறதுக்கு இன்ஸ்பெக்‌ஷன் தேவையில்ல, விக்கறதுன்னா விதி வேற, உங்க மாநிலத்துல கேட்டுக்கோங்க.

ருசிக்கு வருவோம். ஃப்ரீசர் டர்க்கி சாப்பிட்டு "டர்க்கி சக்கை மாதிரி இருக்கும்"னு சொல்றவங்க இத ஒரு தடவ சாப்பிடணும். ஏழு மாசம் நடந்து, பறந்து, வெட்டுக்கிளி புடிச்சுத் தின்ன காலு, கறி கருஞ்செவப்பு, வாசனை நாட்டுக்கோழிக்கு ஒரு படி மேல. நெஞ்சு சின்னது தான், அத எதிர்பாத்து வாங்காதீங்க. தொடைய எலும்பெடுத்து துண்டு போட்டு பள்ளிபாளையம் பண்ற மாதிரி, சின்ன வெங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை, தேங்காச் சில்லு, மசாலாப் பொடி எதுவும் இல்லாம இரும்புச் சட்டில சுருள வதக்கினாங்க அத்தை. கழுத்தும் முதுகும் குழம்புக்கு. தொடைக்குக் கீழ கால்ல ஊசி மாதிரி கெட்டி நரம்பு ஏழெட்டு இருக்கும், அறுக்கற அன்னிக்கே இழுத்து எடுத்துருங்க, வெந்தப்புறம் பல்லுல மாட்டும். தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு முழுப் பறவை ஓவன்ல வச்சோம், நெஞ்சு 165 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டதும் எடுத்துட்டேன், பிராட் பிரெஸ்டட்டுக்கு எழுதி வச்ச நேரத்த நம்பினா காஞ்சு போயிரும்.

செலவு. குஞ்சும் தபாலும் 265 டாலர். தீவனம் 50 பவுண்டு மூட்டை 17, மூட்டை 24 டாலர்னு 408. ப்ளக்கர் 75. மொத்தம் 748. வேலி ஏற்கனவே இருந்துச்சு, அத சேக்கல. அஞ்சு சேவல் ஒரு பெட்டை, சுத்தம் பண்ணி கறி 79 பவுண்டு கிடைச்சுச்சு, அதாவது பவுண்டு ஒன்பதரை டாலர் கிட்ட, கூட நாலு இனப்பறவை கைல. சூப்பர்மார்க்கெட் விலையோட ஒப்பிட்டா கட்டுப்படியாகாது. காசு மிச்சம் பண்றதுக்குன்னு யாரும் இதுல எறங்க வேண்டாம்.

நாலரை ஸ்டார் எதுக்குன்னா இந்த ஸ்ப்ரிங்ல நடந்ததுக்கு. மார்ச்ல முட்டை ஆரம்பிச்சுச்சு, கிரீம் நிறத்துல பழுப்புப் புள்ளி தெளிச்ச முட்டை. ஒரு பெட்டை ஏப்ரல் நடுவுல காணாமப் போச்சு, நரி தான்னு முடிவு பண்ணிட்டோம். நாலு நாள் கழிச்சு பிளாக்பெர்ரி முள்ளுப் புதருக்குள்ள காஞ்ச இலை நிறத்தோட நிறமா அடை உக்காந்திருந்தத என் பொண்ணு கண்டுபுடிச்சா. நாங்க யாரும் முட்டை வைக்கல, இன்குபேட்டர் இல்ல, கருவூட்டல் ஊசி இல்ல. கோழிக்கு 21 நாள், இதுக்கு 28. சுத்தி வலை மட்டும் கட்டிட்டு விட்டுட்டோம். ஒரு நாளைக்கு ஒரு தடவ எழுந்து தண்ணி குடிச்சுட்டு ஓடிப்போயி உக்காந்துக்கும். மே நடுவுல ஒன்பது குஞ்சு. கோலிகுண்டு தேவைப்படல, மூக்க தண்ணில தொட்டுக் காட்டத் தேவையில்ல, தாய் கொத்திக் காட்டுச்சு, அதுங்க கொத்துச்சுங்க. ரெண்டு போச்சு, ஏழு இருக்கு.

வாங்கப் போறவங்களுக்கு நான் சொல்றது, தபால்ல 15 குஞ்சு எடுக்கறத விட, எடை பாத்து பொறுக்கற வளப்பாளர் யாராவது ஓட்டற தூரத்துல இருந்தா அவங்ககிட்ட ஒரு சேவலும் மூணு பெட்டையும் கூடுதல் விலை குடுத்து வாங்குங்க, இல்லாட்டி பொரிக்கற முட்டையாவது வாங்குங்க. நான் இந்த வருஷம் அந்தப் பழைய வளப்பாளர்கிட்ட ஒரு இளஞ்சேவல் சொல்லி வச்சிருக்கேன், அவரோட போன வருஷத்துச் சேவல் 24 பவுண்டு. பெரிய கோழிப் பண்ணை ஏற்கனவே வச்சு இடம் பிரிக்க முடியாதவங்க இத எடுக்காதீங்க. அறுக்கற நாள் யாரு கத்தி புடிக்கறதுன்னு வீட்டுல பேசி முடிக்காதவங்களும் குஞ்சுக்கு ஆர்டர் போடாதீங்க.

ப்ளக்கர் வேணும்னா நவம்பர்ல போயி கேட்டா கிடைக்காது, எல்லாருக்கும் அதே ரெண்டு வாரம் தான் வேணும், செப்டம்பர்லயே சொல்லி வச்சுரணும். எங்க ஏழும் இப்ப பதினோரு வாரம், டிசம்பர் முதல் சனிக்கிழமைக்கு கடைல பேரு எழுதிட்டு வந்துட்டேன், பச்சை வளையமும் செவப்பு வளையமும் ஒரு டப்பால தனியா எடுத்து வச்சாச்சு. அத்தை நவம்பர்ல திரும்ப வர்றாங்க.